கழிவுச் சாக்கு

பானுப்பிரியா ஏழு வருடமாக ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும்தான். போடியில் ஒருத்தி ஏழு வருடம் நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தாள் என்று சொல்லுங்கள், நம்புவார்கள். பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கோயிலாக ஏறி இறங்கினாள் என்றாலும் நம்புவார்கள். ஒரு சொல்லைத் தேடி மதுரைக்கும் போடிக்கும் பஸ்சில் அலைந்தாள் என்றால், "அதுல அப்படி என்னத்தா இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். அவள் மாமியாரும் அதைத்தான் கேட்டாள்.

அந்தச் சொல் 'கார்பிள்'. பானு அதை முதன்முதலில் பார்த்தது நூலகத்தில் அல்ல. உக்கிரபாண்டியின் ஏலக்காய்க் கிட்டங்கியில், ஒரு மிளகுச் சாக்கின் மேல் பார்த்தாள். 'மலபார் கார்பிள்டு' என்று கறுப்பு மையில் குத்தியிருந்தது. தூசி, தும்பு, காம்பு, கல் எல்லாம் போகச் சலித்தெடுத்த மிளகு என்று அர்த்தம். கல்லூரிக்குப் போய் அகராதியைப் புரட்டினால், அதே சொல்லுக்கு ஒருவர் பேச்சைக் குழப்பித் திரித்துக் கெடுப்பது என்று போட்டிருந்தது. சுத்தம் பண்ணுவதற்கும் கெடுப்பதற்கும் ஒரே சொல்லா? அந்த ஆச்சரியம்தான் அவளை முனைவர் பட்ட ஆய்வு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

இழுத்துக்கொண்டு போனதே தவிர, கரை சேர்க்கவில்லை. கல்யாணம், பிரசவம், கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை என்று நாள் ஓடிவிட்டது. பல்கலைக்கழகம் இரண்டு முறை கெடு நீட்டிக் கொடுத்துவிட்டு, மூன்றாம் முறை கையை விரித்துவிட்டது. வரும் திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குள் ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து, ஏழு வருடமும் தண்ணீரில் கரைத்த உப்பு.

ஐந்து இயல்கள் அடித்து முடித்தாயிற்று. கடைசி இயல்தான் பாக்கி. அந்தச் சொல் எந்த வருடம், எந்தப் புத்தகத்தில், என்ன அர்த்தத்தில் வந்தது என்று குறித்துவைத்த ஆயிரத்து இருநூறு துண்டுச் சீட்டுகளை வைத்துத்தான் அதை எழுத வேண்டும். அகப்பட்ட காகிதத்தில் எல்லாம் எழுதியிருந்தாள். நாள்காட்டித் தாள், விடைத்தாளின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் ஓரம் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத சீட்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் வருடத்தை மட்டும் பெரிதாகப் போட்டு, வரிசையாக ஒரு தகரப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். ஐப்பசி மழையில் வீடு ஒழுகியது. அந்தப் பெட்டிக்கு ஊரிலேயே ஈரம் படாத இடம் ஏலக்காய்க் கிட்டங்கிதான் என்று கொண்டுவந்து வைத்தாள். அங்கே இருந்தவர்கள் அந்நியர்களா என்ன?

அப்பா ராமரும் அம்மா மொக்கம்மாளும் மலை மேலே எஸ்டேட்டில் வேலை பார்த்தார்கள். பானு படிப்புக்காகக் கீழே போடியில் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டால் நேரே கிட்டங்கிக்குத்தான் வருவாள். அங்கே ஏழு பெண்கள் தட்டை மடியில் சாய்த்துக்கொண்டு காய் பொறுக்குவார்கள். பெரிய காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம், பச்சை தனி, வெளுத்தது தனி. வெடித்ததும் கறுத்ததும் கழிவுச் சாக்குக்குப் போகும். மூத்தவள் கருத்தம்மாள். ரத்த சொந்தம் இல்லை, முறைக்குப் பெரியம்மா. ஏழு தூக்குச்சட்டியிலிருந்தும் ஆளுக்கு ஒரு கை எடுத்து வைத்துப் பானுவுக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். பிற்பாடு பானுவின் மகளுக்கும் அதே கிட்டங்கியின் உத்திரத்தில் சேலைத் தொட்டில் கட்டினார்கள். அவள் மதுரை நூலகத்தில் உட்கார்ந்திருந்த நாட்களிலெல்லாம் ஒரு கையால் காய் பொறுக்கி மறு கையால் தொட்டில் ஆட்டினார்கள். அந்தத் தொட்டில் இல்லையென்றால் ஆய்வேடு இல்லை. இது பானுவுக்கும் தெரியும். தெரிந்ததை எங்கே வைத்தாள் என்பதுதான் கதை.

சனிக்கிழமை கல்லூரியில் தேர்வுப் பணி. முடித்துவிட்டு நாலு மணிக்குக் கிட்டங்கிக்கு வந்தாள். ஏழு பேரும் வழக்கத்துக்கு மாறாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பேரில் வாயாடியான மகாராணி வாயைத் திறக்காமல் இருந்தாள். அவள் வாயை மூடியிருந்தால் ஏதோ ஆகிவிட்டது என்று போடியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

"என்னக்கா?" என்றாள் பானு.

"ஒண்ணுமில்லத்தா. மூட்டையைத் தள்ளுனேன். ஒன் பெட்டி மேல இருந்ததைக் கவனிக்கல. கவுந்துருச்சு. ஆனா நீ பதறாத, எல்லாத்தையும் சுத்தமா எடுத்து வச்சுட்டோம்," என்றாள் மகாராணி.

எடுத்து வைத்திருந்தார்கள்! நீளமான பலகை மேல் அவளுடைய சீட்டுகள் குவியல் குவியலாக இருந்தன. அவர்களுக்கு இங்கிலீசு தெரியாது. பதற்றத்தில் கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்துவிட்டது. பெரிய தாள் தனி, சின்னத் தாள் தனி. வெள்ளை தனி, பழுப்பு தனி. பச்சை மையில் எழுதியதை ஒச்சம்மாள் அழகாகத் தனிக் குவியல் போட்டு, காற்றில் பறக்காமல் மேலே படிக்கல்லும் வைத்திருந்தாள். கிழிந்தது, எண்ணெய் பட்டது, அடித்துத் திருத்தியது எல்லாம் கழிவு. பதினைந்தாம் நூற்றாண்டும் போன வருடத்துச் செய்தித்தாளும் ஒரே அளவு தாளில் இருந்ததால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கிடந்தன.

நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு சீட்டை ஒருத்தி மறுபடி அடுக்கவே மூன்று நாள் ஆகும்.

"யாரு கேட்டா ஒங்கள?" என்று கத்தினாள். "விழுந்தா விழுந்தபடி போட வேண்டியதுதானே! காய் பொறுக்குறவகளுக்கு இதோட அருமை எங்கிட்டுத் தெரியப்போகுது! ஏழு வருசத்தையும் பொறுக்கிப் போட்டுட்டீகளே!"

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. மகாராணி தலையைக் குனிந்துகொண்டாள். ஒச்சம்மாள் படிக்கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பானு அப்படியே ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, பத்து வயசில் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டபோது அழுத மாதிரி விக்கி விக்கி அழுதாள்.

கருத்தம்மாளுக்கு அழுகை பிடிக்காது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"அழுது முடிச்சுட்டியா? முடிச்சுட்டுச் சொல்லு. மூலையில நம்பரு போட்டுருக்கியே, அது என்ன நம்பரு?"

"வருசம், பெரியம்மா."

"சின்ன நம்பருல ஆரம்பிச்சுப் பெரிய நம்பரு வரைக்கும் அடுக்கணுமா?"

"ம்."

"இம்புட்டுத்தானா! இதுக்கா இந்த ஒப்பாரி? தெனம் ஏலத்து லாட்டு நம்பரு பாத்து மூட்டையடுக்குறவளுகடி நாங்க. இங்கிலீசுதான் தெரியாது, நம்பரு தெரியும். வீட்டுக்குப் போயி மூஞ்சியக் கழுவிட்டுப் படு. நாளைக்கு வெள்ளன வா."

"கிழிஞ்சது இருக்குல்ல பெரியம்மா, அது எங்க? குப்பையில போட்டாச்சா?"

கருத்தம்மாளுக்கு இப்போதுதான் நிஜமாகக் கோபம் வந்தது. "எத்தன வருசம் இங்கயே கெடந்த? கழிச்சது வாசலைத் தாண்டணும்னா இன்னொருத்தி கை பாக்கணும்னு தெரியாது ஒனக்கு? சாக்குல இருக்கு. அள்ளிக்க."

அது அந்தக் கிட்டங்கியின் வழக்கம். ஒருத்தி கழித்ததை இன்னொருத்தி மறுபடி தட்டில் போட்டுப் பார்க்காமல் வெளியே விடமாட்டார்கள். அவசரத்தில் நல்ல காயும் கழிவோடு போய்விடும், கண் அசந்தால் யாருக்கும் நடப்பதுதான். எந்தக் காலத்தில் வந்த வழக்கமோ, அன்றைக்குப் பானுவின் நூற்றுச் சொச்சம் சீட்டுகளைக் காப்பாற்றியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. துணி துவைக்க, பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்ட, கறி எடுக்க இருக்கிற ஒரே நாள். ஏழு பேரும் எட்டு மணிக்கே தூக்குச்சட்டியோடு வந்து நின்றார்கள். உக்கிரபாண்டி சாவியைச் சுழற்றிக்கொண்டே முணுமுணுத்தார்.

"இன்னைக்கு எதுக்குத் தொறக்கச் சொல்றீக? ஏலத்துக்கு ஒரு லாட்டு கூட இல்லையே."

"இருக்கு மொதலாளி. இங்கிலீசு லாட்டு," என்றாள் மகாராணி. ராத்திரி தூங்கி எழுந்ததில் அவளுக்கு வாய் திரும்பியிருந்தது.

பானு வாசலிலேயே நின்றாள். "அக்கா, நேத்து நான் பேசுனது…"

"வெரசா வா. சோலி கெடக்கு," என்றாள் மகாராணி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தக் கைகளை என்னவென்று சொல்ல! குவியல்களைக் கலைத்து நடுவில் கொட்டினார்கள். முதல் சுற்றில் நூறு நூறு வருடமாகப் பிரித்தார்கள். இரண்டாம் சுற்றில் பத்துப் பத்தாக. பானு ஒரு சீட்டை எடுத்து, வாசித்து, நிதானித்து வைப்பதற்குள் ஒச்சம்மாள் இருபது சீட்டைத் தள்ளிவிட்டாள். பானு வாசித்தாள், அவர்கள் பார்த்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். கழிவுச் சாக்கில் மூலை கிழிந்து வருடம் தெரியாமல் கிடந்தவற்றைக் குருவம்மாள் தனியாக எடுத்துக்கொண்டாள். ஒரே வாரத்தில் ஒரே பேனாவால் எழுதியது எது, ஒரே நாள்காட்டியிலிருந்து கிழித்தது எது என்று மையையும் கிழிசலையும் பொருத்திப் பொருத்தி இடம் கண்டுபிடித்தாள். பானுவுக்கே மறந்துபோன இடங்கள் அவை.

"சும்மா அடுக்கச் சொல்றியே, இதுல என்னதான் எழுதிருக்க? எங்களுக்கும் சொன்னாத்தான் என்ன?" என்றாள் மகாராணி.

ஏழு வருடத்தில் ஒரு தடவைகூட இவர்களிடம் சொன்னதில்லை என்பது பானுவுக்கு அப்போதுதான் உறைத்தது. கருத்தரங்கில் சொல்லியிருக்கிறாள். தேநீர் இடைவேளையில் முன்பின் தெரியாத பேராசிரியர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"ஒரு சொல்லோட கதைக்கா. அரபிக்காரக சல்லடையக் 'கிர்பால்'னு சொல்லுவாக. மசாலாச் சரக்கோட அந்தச் சொல்லும் கப்பல் ஏறிருச்சு. இத்தாலி யாவாரிக வாயில விழுந்து, அங்கிருந்து இங்கிலீசுக்குப் போய்க் 'கார்பிள்' ஆச்சு. சலிச்சுக் குப்பையக் கழிக்கிறதுன்னு அர்த்தம். அந்தக் காலத்துல லண்டன்ல அதுக்குன்னே ஒரு அதிகாரி இருந்தாரு. எந்தக் கடைக்குள்ளயும் கேக்காம நுழைஞ்சு சரக்கைச் சலிச்சுப் பாக்கலாம்."

"ஆத்தாடி! சலிக்கிறவனுக்கு அம்புட்டு அதிகாரமா? அப்ப நாமளும் ஆபீசருகதான்," என்று மகாராணி சேலையை உதறிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்புறம், நல்லதாப் பாத்துத் தேர்ந்தெடுக்குறதுன்னு அர்த்தம் மாறுச்சு. அதுக்கப்புறம், ஒருத்தர் சொன்னதுல தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததை அமுக்குறது. இப்ப, பேச்சைக் குழப்பிக் கெடுக்குறதுக்கு அந்தச் சொல்லு. நல்ல சோலிக்கு இருந்த பேரு எப்படிக்கா இப்படிக் கெட்டுப்போகும்? அதைத்தான் என்னால எழுத முடியல. எங்க கைடு மேடம் அந்த எடத்துல சிவப்பு மையில 'எப்படி?'ன்னு போட்டு வச்சுருக்காக."

குருவம்மாள் கிழிசல்களிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "இதுல என்ன அதிசயம். சாம்பிள் தட்டுதான்."

"என்ன சொல்றீக மதினி?"

"இங்க வர்றதுக்கு முந்தி ஒரு எடத்துல பொறுக்குனேன். ஏலத்துக்குச் சாம்பிள் எடுக்கச் சொல்லுவாக. மூட்டைக்குள்ள கைய விட்டு, வர்றதை எடுக்கக் கூடாது. கொழுத்த பச்சைக் காயாப் பாத்துப் பாத்துத் தட்டுல வைக்கணும். அதே மூட்டைக் காய்தான். ஒண்ணுகூட வெளிக்காய் கெடையாது. ஆனா தட்டு பொய் சொல்லும். சலிக்கிறதும் அதே கைதான், அப்படிப் பொறுக்குறதும் அதே கைதான். நான் அங்கருந்து நின்னுக்கிட்டதே அதுக்குத்தான்."

பானு கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தாள். சிவப்பு மைக் கேள்விக்கு மூன்று வருடமாகப் புத்தகம் புத்தகமாகப் பதில் தேடியவள். ஒரு பொய்யும் சேர்க்காமலே, எடுப்பதை எடுத்து விடுவதை விட்டால் போதும், பொய் வந்துவிடும். "மதினி, நீங்க நல்லா இருக்கணும்!" என்று எழுந்து போய்க் குருவம்மாளைக் கட்டிக்கொண்டாள். "ஏய், தள்ளு, அடுக்குனது கலையுது," என்று குருவம்மாள் அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

மதியம் ஒரு மணிக்கெல்லாம் பெட்டி நிறைந்துவிட்டது. ஆயிரத்து நானூற்றுச் சொச்சத்தில் தொடங்கி இந்த வருடம் வரை ஒன்று பிசகவில்லை. தூக்குச்சட்டிகளைத் திறந்தார்கள். பானுவுக்கு ஏழு சட்டியிலிருந்தும் ஆளுக்கு ஒரு கை வந்தது. கல்லூரியில் பாடம் எடுக்கிற முப்பத்துமூன்று வயதுக்காரி என்று யாரும் பார்க்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோதுதான் அதைப் பார்த்தாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஆய்வேட்டின் அச்சடித்த முன்பக்கங்களை ஒரு உறையில் வைத்திருந்தாள். கருத்தம்மாள் அதிலிருந்து ஒரு தாளை எடுத்து, தட்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றியுரைப் பக்கம். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி வரிசையாகப் பெயர்கள் இருந்ததால் அது என்ன பக்கம் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். இங்கிலீசு தெரியாதுதான். ஆனால் ஆதார் அட்டையில், வங்கிப் புத்தகத்தில் தன் பெயர் இங்கிலீசில் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நீளமான பெயர். எத்தனை எழுத்து, எது மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எது கீழே தொங்கும் என்று பார்த்துப் பழகியவள்.

அவள் கண் மேலிருந்து கீழே போனது. மறுபடி மேலே வந்து, நிதானமாகக் கீழே போனது. ஒருத்தி கழித்ததை இன்னொருத்தி பார்ப்பாளே, அதே பார்வை.

துணைவேந்தர் இருந்தார். முதல்வர், துறைத் தலைவர், கைடு மேடம், நூலகர், தட்டச்சு செய்த அருள்பாண்டி எல்லாரும் இருந்தார்கள். பெற்றோர், கணவன் சின்ராசு, மாமியார்கூட இருந்தாள், "அதுல அப்படி என்னத்தா இருக்கு?" என்று கேட்ட அதே மாமியார். கருத்தம்மாள் இல்லை. அந்த ஏழு பேரில் ஒருத்திகூட இல்லை.

கருத்தம்மாள் தாளைப் பழையபடி உறைக்குள் வைத்தாள். மூலை மடங்காமல் நீவிவிட்டாள். திரும்பினால் பானு நிற்கிறாள்.

"அழகா அடிச்சுருக்காகத்தா," என்றாள். "பளிச்சுன்னு இருக்கு."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பானு பிழைத்திருப்பாள். என்ன சமாதானம் சொல்வது? மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அது பொய். அந்தப் பக்கத்தை எழுதியபோது தொட்டில் நினைவுக்கு வந்தது, தூக்குச்சட்டி நினைவுக்கு வந்தது. காய் பொறுக்குகிறவர்கள் பெயரைப் போட்டால் தேர்வாளர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவள்தான் கையால் ஒதுக்கினாள். கொழுத்த காயாகப் பார்த்துப் பார்த்து வைத்த தட்டு அது. ஒரு பெயரும் பொய்யில்லை.

பானு உறையை எடுத்துக்கொண்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அருள்பாண்டியின் தட்டச்சுக் கடைக்குப் போனாள். கடைசி இயல் தண்ணீர் மாதிரி வந்தது. அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்துவிட்டது. "அவ்வளவுதானக்கா?" என்று அவன் எழுந்தபோது, "இன்னும் ஒரு பக்கம் இருக்கு அப்பு, உக்காரு," என்றாள்.

திங்கட்கிழமை காலையில் கணவனின் ஜீப்பு வாசலில் நின்றது. பஸ்நிலையத்துக்குப் போகிற வழியில் கிட்டங்கியில் நிறுத்தச் சொன்னாள். அவர்கள் அப்போதுதான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புதுக் காய் வாசம் தெரு வரைக்கும் அடித்தது.

பானு நேரே கருத்தம்மாளிடம் போய், மடியில் இருந்த தட்டின் மேல் அந்த ஒரு தாளை வைத்தாள்.

"இன்னொரு கை பாருங்க பெரியம்மா," என்றாள். "நேத்து நீங்க பாத்தது தப்பாப் பொறுக்குன தட்டு. நல்ல காயக் கழிவுல போட்டுட்டேன்."

கருத்தம்மாள் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். மேலே துணைவேந்தருக்கும் மேலே, முதல் வரியிலேயே அவள் கண் நின்றுவிட்டது. ஏலக்காய்ப் பச்சை ஏறிய விரலை அங்கே வைத்தாள்.

"இந்தா இருக்கேன்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கண்ணிலிருந்து சொட்டியது தாளில் விழாமல் இருக்கத் தலையை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டாள். அழுகை பிடிக்காதவள். மகாராணி தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "நான் எங்கடி? என்னையக் காட்டு!" ஒச்சம்மாளும் குருவம்மாளும் மற்றவர்களும் சுற்றி நின்றுகொண்டார்கள். ஏழு வரி, வரிக்கு ஒரு பெயர். யாருக்கும் இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. கருத்தம்மாள் விரலை ஒவ்வொரு வரியாக இறக்க, பானு ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தாள். தன் பெயர் வந்ததும் ஒவ்வொருத்தியும், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, "இருக்கேன்" என்றாள்.

வெளியே ஜீப்பு ஆரன் அடித்தது. "வெரசாப் போத்தா, மூணு மணிக்குள்ள குடுக்கணும்ல," என்று கருத்தம்மாள் தாளை நீட்டினாள். நீட்டினாளே தவிர, கையை எடுக்கவில்லை. பானு பஸ்சைப் பற்றிக் கவலைப்படாமல், அவள் விடும்வரை அந்தத் தாளின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.